தபால் பெட்டியில் போட்ட சாவிகள்

4, பேராலய வளாகம்,
ஹார்ன்செஸ்டர்,
1958 ஜூன் 21, சனிக்கிழமை

அன்புள்ள லெனார்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் ஐரீனும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஆண்டவரைக் கேட்கிறேன். வழக்கத்துக்கு எழுதும் வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே, இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி எழுதியிருக்கிறேன். லீட்ஸில் இருக்கும் உன் மாமா செய்தித்தாளில் வந்ததைக் கத்தரித்து உனக்கு அனுப்பிவிட்டதாகப் போனில் சொன்னார், அது என் கடிதத்துக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தால் நீ பயந்துபோயிருப்பாய். அதில் உங்கப்பாவின் வயதையே தப்பாகப் போட்டிருக்கிறார்கள், அறுபத்தொன்று இல்லை ஐம்பத்தெட்டு. என்னைப் பற்றி எழுதியதில் பாதி அவர்களாகச் சேர்த்தது. நடந்ததை நடந்தபடி நான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

அதற்கு முன்னால் ஒரு விஷயம், ஐரீனுக்கு ஐந்தாம் மாதம் ஆகிறது, கரி வாளியை அவளைத் தூக்க விடாதே, அவளாகத் தூக்குகிறேன் என்றாலும் விடாதே. குழந்தைக்குப் பின்னிய சட்டை இரண்டும் கப்பல் தபாலில் வருகின்றன, மஞ்சள் நூல், ஆணானாலும் பெண்ணானாலும் போடலாம். கை சற்றுப் பெரிதாகப் போய்விட்டது, கடைசி வரிசைகளை எந்த வாரத்தில் பின்னினேன் என்று தெரிந்தால் நீ குறை சொல்ல மாட்டாய்.

மேல்கூடத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஏழு வருஷம் அதன் படிகளில் ஓடி ஏறியவன் நீ. மடத்துத் துறவிகள் படுத்துறங்கிய அறை, ஹென்றி ராஜா அவர்களை வெளியே அனுப்பிவிட்டு ஒரு வாத்தியாரையும் இருபது பையன்களையும் அங்கே உட்கார வைத்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் என்றால் அந்தக் கூடம்தான், மற்ற வகுப்பறைகள் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. மேலே ஏழு ஓக் உத்திரங்கள் இருப்பதாக உங்கப்பா சொல்வார், ஆனால் நீயும் பார்த்ததில்லை நானும் பார்த்ததில்லை, இருநூறு வருஷத்துக்கு முன் பேராலயத்துக்குத் தலைவராக இருந்த யாரோ ஒரு டீன் வௌவால் தொல்லை பொறுக்காமல் கீழே சுண்ணாம்புச் சாந்தில் உள்கூரை போட்டு எல்லாவற்றையும் மூடிவிட்டார். பேராலயத்துக் கட்டட வேலைக்கெல்லாம் மேஸ்திரி என்று பெயர் இருந்தும் உங்கப்பாவே ஒரு மூலைத் துவாரத்தின் வழியாக இரண்டு உத்திரங்களைத்தான் பார்த்திருக்கிறார்.

ஜனவரியில் தெற்குச் சுவரில் உள்கூரையை ஒட்டி மூன்று விரிசல்கள் தெரிந்தன. அவர் ஒவ்வொரு விரிசலின் குறுக்கேயும் மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றைச் சாந்து வைத்துப் பதித்தார், சுவர் அசையாவிட்டால் சில்லு அப்படியே இருக்கும், தலைமயிர் அளவு அசைந்தாலும் உடைந்துவிடும். ஈஸ்டருக்கு லண்டனிலிருந்து கட்டடக் கலைஞர் வந்து பார்த்தார், சில்லுகள் மூன்றும் முழுசாக இருந்தன, பயமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு மே மாதம் முழுக்க இங்கே மழை. ஜூன் ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கப்பா போய்ப் பார்த்தபோது இரண்டு சில்லுகள் உடைந்திருந்தன.

நேராகத் தலைமையாசிரியரிடம் போனார். மிஸ்டர் ஸ்டாண்டிஷை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர், கெட்ட மனிதர் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நாலு வருஷத்தில் பள்ளியைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். ஆனால் ஜூலையில் மாவட்டக் கல்விக் குழு வந்து பார்க்கப்போகிறது, இத்தனை பழைய கட்டடத்தில் இத்தனை சின்னப் பள்ளி எதற்கு, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் புதுப் பள்ளியோடு சேர்த்துவிடலாமே என்று அவர்களில் பாதிப் பேருக்கு எண்ணம். அந்த மனிதர் ஆறு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை, அவருடைய கடிதங்களை எல்லாம் அடிப்பவள் நான், எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மேல்கூடத்தில் பொதுத் தேர்வு தொடங்குகிறது, அறுபத்திரண்டு பையன்கள், முதல் நாள் லத்தீன். இந்த நேரத்தில் உங்கப்பா போய்க் கூடத்தை மூட வேண்டும் என்றதும் அவர் எழுந்தே நின்றுவிட்டாராம். "நிபுணர் பாத்துட்டுப் போய் ரெண்டு மாசம்கூட ஆகலை டான்ஸ்லி. நீங்க மூடச் சொல்றீங்க. நாளைக்குக் கல்விக் குழு காதுக்குப் போனா, மூடினது மூடினதுதான், அப்புறம் திறக்கவே விடமாட்டாங்க" என்றாராம். அதோடு விட்டிருக்கலாம். கதவு வரைக்கும் வந்து, "வடக்குத் தாழ்வாரம் மாதிரி ஆயிடப் போகுது, பாத்துக்கங்க" என்றும் சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு சொல் போதும் உங்கப்பாவுக்கு. பதினோரு வருஷத்துக்கு முன் வடக்குத் தாழ்வாரம் சாய்கிறது என்று அவர் சொல்லி, நாலு மாதம் சாரம் கட்டித் தேடி, கடைசியில் ஒன்றும் இல்லை என்று ஆனதே, அப்போது உன்னை வகுப்பில் 'சாய்ஞ்சான் டான்ஸ்லி' என்று கூப்பிட்ட பையனின் மூக்கை நீ உடைத்துவிட்டு வந்தாய். நீ ஒரு வாரத்தில் மறந்துவிட்டாய். அவர் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் 'எனக்குத் தோணுது, தப்பாவும் இருக்கலாம்' என்று வாலைச் சேர்த்துத்தான் சொல்வார்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து மீனைத் தொடவில்லை. சனிக்கிழமையும் சாப்பாடு அப்படியே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் எல்லோரும் மைதானத்தில் நின்று கைகுலுக்கிக்கொண்டிருக்க, அவர் மட்டும் மேல்கூடத்துப் பக்கம் நழுவுவதைப் பார்த்து நானும் பின்னாலேயே போனேன். மேலே ஏறியதும் நான் முதலில் பார்த்தது மேசைகளை. வெள்ளிக்கிழமை மத்தியானம் தேர்வு எண் ஒட்டுவதற்காக ஒவ்வொரு மேசையையும் ஈரத் துணியால் துடைத்தது நான்தான். மூன்றாம் வரிசையிலிருந்து ஆறாம் வரிசை வரைக்கும் மேலே மாவு சலித்தது போல் வெள்ளையாக ஒரு படலம் விழுந்திருந்தது. விரலால் இழுத்தேன், கோடு விழுந்தது. உங்கப்பா சுவரடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார், மூன்றாவது சில்லும் உடைந்திருந்தது. நான் கேட்டேன், விழுமா என்று. அவர் மேலே பார்த்தபடியே, "நிக்குது, மூரியல். எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னுதான் எனக்குத் தெரியலை" என்றார். அப்படியானால் இன்னொரு தடவை போய்ச் சொல்லுங்கள் என்றேன். "சொல்லிட்டேன். கேக்கலை. நான் என்ன, கத்தவா முடியும்? மறுபடியும் ஒண்ணும் இல்லைன்னு ஆச்சுன்னா இந்த ஊருல நான் தலை தூக்கி நடக்க முடியாது" என்றார். எனக்கு அப்போது அவர்மேல் கோபம் வந்தது, பிறகு சுண்ணாம்புத் தூள் ஒட்டிய கையை அவர் தன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டிலேயே துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன், கோபம் போய்விட்டது.

மத்தியானம் நானே டீன் வீட்டுக்குப் போனேன், அவருக்குத் தெரியாமல். டீன் தோட்டத்தில் பட்டாணிக் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார், அன்பாகத்தான் பேசினார். "பள்ளிக்கூட விஷயத்துல தலைமையாசிரியர் சொல்றதுதான் முடிவு, மிசஸ் டான்ஸ்லி. உங்க வீட்டுக்காரர் எழுத்துல கொடுக்கட்டும், வியாழக்கிழமை நிபுணர் வர்றார், அவர்கிட்ட காட்டறேன்" என்றார். வியாழக்கிழமை. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் தேர்வு இருக்கிறது என்றேன். அவர் அடுத்த குச்சியை எடுத்து மண்ணில் குத்தினார்.

லென், என்னை உனக்கு அம்மாவாக மட்டும்தான் தெரியும். பத்தொன்பது வருஷமாக அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறேன், ஒருநாள்கூடத் தலைமையாசிரியர் சொன்னதை மாற்றிச் செய்ததில்லை, கமாவைக்கூட அவர் போட்ட இடத்தில்தான் போடுவேன். திங்கட்கிழமை காலை ஏழரைக்கே போனேன். மேல்கூடத்துக்குச் சாவி இரண்டு. ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கும், இன்னொன்று வாசற்காவல் சார்ஜென்ட் பாட்லியிடம். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, விஷயத்தைச் சொல்லிச் சாவியைக் கேட்டேன். பாட்லி மீசையைத் தடவிக்கொண்டார். "நான் டீ குடிக்கப் போறேன் அம்மா. சாவி ஆணியில தொங்குது. திரும்பி வர்றப்ப இல்லைன்னா, யார் எடுத்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு நடந்தார். டீ அவருடைய அறையிலேயே கொதித்துக்கொண்டிருந்தது.

கூடத்தைப் பூட்டினேன். இரண்டு சாவிகளையும் ஒரு தடித்த உறையில் போட்டு, மிசஸ் டான்ஸ்லி, 4, பேராலய வளாகம் என்று எனக்கே விலாசம் எழுதி, கனத்துக்குத் தக்கபடி ஸ்டாம்ப் ஒட்டி, வளாக வாசலில் சுவரில் பதித்திருக்கும் சிவப்புத் தபால் பெட்டியில் போட்டேன். சாவிகள் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு மேல்கூடத்துப் படிக்கட்டின் அடியில் போய் நின்றுகொண்டேன்.

ஒன்பது மணிக்குப் பையன்கள் வர ஆரம்பித்தார்கள், கிராமத்துப் பஸ்ஸில் வருகிறவர்கள், ரயிலில் வருகிறவர்கள், சைக்கிளில் வருகிறவர்கள், எல்லோர் கையிலும் இரண்டு பேனா, முகத்தில் ரத்தமே இல்லை, லத்தீன் என்றால் சும்மாவா. அவர்களுக்குப் பின்னால் கறுப்பு அங்கி பறக்க மிஸ்டர் ஸ்டாண்டிஷ் வந்தார். கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்றார். நான் பூட்டினேன் என்றேன். சாவி எங்கே என்றார். தபாலில் போட்டுவிட்டேன் என்றேன். பையன்களில் யாரோ ஒருவன் சிரித்து உடனே நிறுத்திக்கொண்டான். அவர் முகம் சிவக்கவில்லை, வெளுத்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் முன்னால் குரலை உயர்த்தாமல் என் பக்கத்தில் வந்து, "உள்நாட்டுப் போர்ல சிப்பாய்ங்க கீழே குதிரை கட்டினப்பகூட மேல பாடம் நிக்கலை. ஜெர்மன்காரன் குண்டு போட்டப்பவும் நிக்கலை. உங்க வீட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம்னு நான் நிறுத்தணுமா? நானூறு வருஷப் பள்ளிக்கூடம் என் கையில முடியணுமா, மிசஸ் டான்ஸ்லி?" என்றார். உங்கள் கையில் பிள்ளைகள் முடியக் கூடாது என்றுதான் சொல்ல நினைத்தேன், "மன்னிக்கணும் சார், கொடுக்க என்கிட்ட சாவி இல்லை" என்பதுதான் வந்தது.

அவர் ஓடிப்போய் அஞ்சலகத்துக்குப் போன் செய்தார், பாதிப் பையன்கள் ஜன்னலோரம் நின்று கேட்டார்கள். அஞ்சலகத் தலைவர் மிஸ்டர் கூப்பிட்ஜ் காது மந்தம், கத்தித்தான் பேசுவார், அவர் குரல் வெளியே வரைக்கும் வந்தது. "ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில விழுந்துட்டா அது ராணியம்மா பொறுப்பு சார்! எழுதியிருக்கிற விலாசத்துக்குத்தான் போகும்! ரெண்டாவது தபால்ல, சாயங்காலம் நாலு மணிக்கு!" லத்தீன் வாத்தியார் கிழவர் மிஸ்டர் கோபெட்டை உனக்கு ஞாபகம் இருக்கும், இன்னும் அதே பச்சைக் குடைதான். அவர் என் பக்கத்தில் வந்து நின்று, "வாத்தியாரை வெளியே வெச்சுப் பூட்டினது இந்தப் பள்ளிக்கூடத்துல இது முதல் தடவை இல்லை அம்மா. ஜார்ஜ் ராஜா காலத்துல பசங்க மூணு நாள் பூட்டி வெச்சாங்க, உள்ளயே ஆட்டுக்கறி வறுத்துச் சாப்பிட்டாங்களாம். ஆபீஸ்காரங்க பூட்டினதுதான் புதுசு" என்றார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை அழுகையும் வரவில்லை.

அடுத்துத்தான் நான் பயந்தது நடந்தது. மிஸ்டர் ஸ்டாண்டிஷ் ஒரு பையனை அனுப்பி உங்கப்பாவைக் கருவிகளோடு வரச் சொன்னார். கதவின் கீல்களைக் கழற்ற. அவர் பட்டறையிலிருந்து மைதானத்தைக் கடந்து வருவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன், தோளில் பை, தலை குனிந்தபடி. நான் என்ன செய்திருக்கிறேன் என்று அவருக்கு அதுவரை தெரியாது. பையன்கள் வழிவிட்டார்கள். தலைமையாசிரியர், "கதவைக் கழட்டுங்க டான்ஸ்லி" என்றார். உங்கப்பா கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அந்த அறுபத்திரண்டு முகங்களையும் வரிசையாகப் பார்த்தார். மணிக்கூண்டில் ஒன்பதே கால் அடித்தது. பையைத் தோளிலிருந்து இறக்கிக் கல்மேல் வைத்தார், உள்ளே உளியும் சுத்தியும் முட்டிய சத்தம் கேட்டது. "ஐயா, அந்தக் கதவை நான் கழட்ட மாட்டேன். மூணு சில்லும் உடைஞ்சிருக்கு. உத்திரத்தோட முனை சுவருக்குள்ள இல்லைன்னு நான் நினைக்கிறேன்" என்றார். 'தப்பாவும் இருக்கலாம்' என்று சேர்க்கவில்லை, லென். நான் காத்திருந்தேன், அவர் சேர்க்கவே இல்லை.

அப்புறம் முக்கால் மணி நேரம் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. மிஸ்டர் கோபெட், "லத்தீன் எழுத மழை ஒழுகாத இடம் இருந்தாப் போதும், பேராலயத்து எண்கோணக் கூடத்துல உக்காத்தி வைங்க" என்று ஒரு வழியைச் சொல்ல, வேறு வழியில்லாமல் தலைமையாசிரியர் தலையசைத்தார். மேசைகள் எல்லாம் பூட்டிய கூடத்துக்குள் இருந்ததால் உங்கப்பாவும் அவருடைய ஆட்களும் பட்டறையிலிருந்து அறுபத்திரண்டு பலகைகளை அறுத்துக்கொண்டு வந்தார்கள், பேராலயக் குருமார் உட்காரும் கல் திண்டில் வட்டமாகப் பையன்கள் உட்கார்ந்து மடியில் பலகை வைத்து எழுதினார்கள். முப்பத்தைந்து நிமிடம் தாமதம். பதினொரு மணிக்கு மிஸ்டர் ஸ்டாண்டிஷ் என்னைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். உங்கப்பாவின் விஷயம் டீன் கையில் என்றார். சாயங்காலம் நாலு மணிக்குத் தபால்காரர் என் வீட்டுக் கதவைத் தட்டினார், அவருக்குப் பின்னாலேயே டீன் நின்றுகொண்டிருந்தார். உறையைப் பிரிக்காமலே அவரிடம் கொடுத்தேன். "வியாழக்கிழமை வரைக்கும் இது என்கிட்ட இருக்கும், கூடமும் பூட்டியிருக்கும். ஆனா நிபுணர் வந்து ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டா, நீங்க ரெண்டு பேரும் இந்த வீட்டுல இருக்கறது கஷ்டம். புரியுதில்லையா?" என்றார். புரிகிறது என்றோம். இந்த வீடு வேலையோடு வந்த வீடு, உனக்குத் தெரியும், நீ பிறந்த அறை உட்பட.

அந்த மூன்று நாட்களை எப்படிச் சொல்வது. ஊருக்கே தெரிந்துவிட்டது. கசாப்புக் கடையில் மிஸ்டர் டட்டன் எல்லோர் முன்னாலும், "அம்மா, என் கடைக் கூரையையும் கொஞ்சம் வந்து பாத்துச் சொல்லச் சொல்லுங்க, கறி மேல விழுந்துடப் போகுது" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நான் கல்லீரலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். உங்கப்பாவின் பட்டறைக் கதவில் சாக்கட்டியால் யாரோ 'சாய்ஞ்சான்' என்று எழுதியிருந்தார்கள், பதினோரு வருஷம் கழித்தும் அந்தப் பெயர் எங்கே ஒளிந்திருந்ததோ. அவர் அதை அழிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நல்ல வெயில், புதன்கிழமையும் வெயில், கூடம் அசையாமல் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் அது அங்கேயே இருந்தது. ஒரு உண்மையை உனக்கு எழுதுகிறேன், வேறு யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டே அது விழுந்துவிடாதா என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டேன். உடனே அப்படியே மண்டியிட்டு மன்னிப்பு கேட்டேன்.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு லண்டன்காரர் வந்தார். டீன் சாவியைக் கொடுத்தார், தலைமையாசிரியர் தானும் மேலே வருவேன் என்றார், ஏணிக்கும் விளக்குக்கும் உங்கப்பாவைக் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் உள்ளே போனார்கள். நான் பள்ளிக்கூட எல்லைக்குள் வரக் கூடாது, ஆகவே வளாகத்துப் பாதையில், டீனுக்குப் பக்கத்தில் நின்றேன். சாப்பாட்டு நேரம், புல்வெளி முழுக்கப் பையன்கள். உள்ளே நடந்ததை உங்கப்பா பிறகு சொன்னதைத்தான் எழுதுகிறேன். தெற்குச் சுவரோரம் உங்கப்பாவே ஏணி போட்டு ஏறி உள்கூரையில் ஒரு சதுரம் வெட்டி எடுத்தார், உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் விரலை வைத்தார், விரல் உள்ளே போனது, கை போனது, முழங்கை வரைக்கும் போனது. மரமே இல்லை, வண்டு அரித்து ஈரம் ஊறி ஈரமான மாவாகிக் கிடந்தது. மேலே கூரைக் கால்வாயின் ஈயத் தகடு எப்போதோ கிழிந்து எத்தனை வருஷ மழை அதில் இறங்கியதோ. லண்டன்காரரிடம், "நீங்களே கையை விட்டுப் பாருங்க" என்று சொல்ல வாயைத் திறந்தபோது மூன்றாவது உத்திரத்துப் பக்கத்திலிருந்து துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம் வந்ததாம்.

அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. உங்கப்பா "வெளியே!" என்று கத்திய குரலும் கேட்டது, முப்பது வருஷத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை. பிறகு தரை அதிர்ந்தது. மேல்கூடத்து ஜன்னல்கள் அத்தனையிலிருந்தும் வெள்ளைப் புகை போல் தூசி ஒரே நேரத்தில் வெளியே தள்ளிக்கொண்டு வந்தது, புறாக்கள் எழும்பின, புல்வெளியில் ஒரு பையனும் அசையவில்லை. டீன் என் தோளைப் பிடித்தார், நான் அவர் கையை உதறிவிட்டு ஓடினேன், எல்லை கில்லை எதுவும் தெரியவில்லை. படிக்கட்டு வாசலில் தூசி திரைபோல் நின்றது. அதற்குள்ளிருந்து முதலில் லண்டன்காரர் இருமிக்கொண்டே வந்தார். அதன் பிறகு யாரும் வரவில்லை. நான் பத்து வரைக்கும் எண்ணினேனோ இருபது வரைக்கும் எண்ணினேனோ, எனக்கு அது தெரியாது. அப்புறம் தலை முதல் கால் வரை வெள்ளையாக இரண்டு பேர், ஒருவர் இன்னொருவரின் அங்கியைப் பின்கழுத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். மிஸ்டர் ஸ்டாண்டிஷ் சுவரில் மாட்டியிருந்த பழைய மாணவர் பெயர்ப் பலகையை, அதுதான் போரில் செத்தவர்கள் பலகையை, எடுக்கத் திரும்பியிருக்கிறார். உங்கப்பா ஏணியிலிருந்து குதித்து அவரைப் பிடித்து இழுத்திருக்கிறார். அப்படிக் குதித்ததில் கணுக்கால் பிசகி வீங்கியது, இப்போது வற்றிவிட்டது, கவலைப்படாதே. வெளியே வந்து என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "என் மூக்குக்கண்ணாடி உள்ள விழுந்துடுச்சு, மூரியல்." நான் அவரை அடித்தேன், லென், எல்லோர் முன்னாலும், மார்பில் இரண்டு கையாலும் அடித்தேன், தூசி பறந்தது.

மூன்றாம் வரிசையிலிருந்து ஆறாம் வரிசை வரைக்கும் மேசை எது பலகை எது என்று தெரியவில்லை. இரண்டு உத்திரங்கள் குறுக்கே கிடந்தன, ஒவ்வொன்றும் ஆறு ஆள் தூக்க முடியாது. நீ உட்கார்ந்த நாலாம் வரிசையும் அதில்தான் இருக்கிறது, நான் போய்ப் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் உங்கப்பா காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். ஊரே வந்து கைகொடுத்துவிட்டுப் போயிருந்தது, மிஸ்டர் டட்டன் ஒரு முழு ஆட்டுத் தொடையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். எல்லோரும் போன பிறகு உங்கப்பா என்னிடம், "திங்கக்கிழமை உன் கையில சாவி இருந்திருந்தா, அவர் கேட்டதும் நானே உன்கிட்ட வாங்கிக் கொடுத்திருப்பேன். சாவி இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் எனக்கு வாய் வந்தது" என்றார். வீரன் என்று எல்லோரும் சொல்லும்போது அவர் ஏன் தலையைக் குனிந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் துண்டை எடுத்து அவர் காலைத் துடைத்தேன். எனக்கு அது முன்பே தெரியும் என்று சொல்லவில்லை. தலைமையாசிரியருக்குப் பயந்து மட்டும் நான் சாவிகளைத் தபாலில் போடவில்லை, இவர் முகத்தைப் பார்த்தால் என் கை தானாக நீண்டுவிடும் என்றும்தான். இதை நான் எழுதியதாக அவருக்கு எழுதும் கடிதத்தில் காட்டிக்கொள்ளாதே.

பள்ளியின் கதி இன்னும் தெரியவில்லை. கல்விக் குழு ஜூலைக்குக் காத்திருக்காமல் அடுத்த வாரமே வருகிறதாம், அக்கரைப் பள்ளியோடு சேர்க்கும் பேச்சு இப்போது வெளிப்படையாகவே நடக்கிறது, மிஸ்டர் ஸ்டாண்டிஷ் பயந்தது வீண் பயம் இல்லை. பாட வகுப்புகள் பேராலயத்துக்குள்ளேயே தூணுக்குத் தூண் நடக்கின்றன, ஒரு பக்கம் கணக்கு, ஒரு பக்கம் பாடகர் பயிற்சி, மிஸ்டர் கோபெட் ஒரு பிஷப்பின் கல்லறைமேல் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறார். சேர்த்துவிட்டால் சேர்த்துவிடட்டும் என்று எனக்கு ஒரு மனது, இன்னொரு மனது ஒப்பவில்லை.

போன சனிக்கிழமை காலை மிஸ்டர் ஸ்டாண்டிஷ் எங்கள் வாசலில் வந்து நின்றார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. உங்கப்பாவிடம் கையை நீட்டினார், அவர் பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம், "அறுபத்திரண்டு வீட்டுக்கும் ஒரு கடிதம் போகணும். நான் எழுதிட்டேன். எதையும் மறைக்கலை, யார் பூட்டினாங்க, யார் திறக்கச் சொன்னாங்க, எல்லாம் இருக்கு. அதை அடிக்க எனக்கு வேற ஆளைக் கேக்க மனசு வரலை" என்றார். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு அவரோடு போனேன்.

நகல் எடுக்கலாம் என்றேன், வேண்டாம், ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடியுங்கள் என்றார். மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொரு கடிதமும் ஒரே வரியில்தான் தொடங்குகிறது. உங்கள் மகன் பத்திரமாக இருக்கிறான். அறுபத்திரண்டு அம்மாக்களுக்கு அதை அடித்தேன், லென், பெயரை மட்டும் மாற்றி மாற்றி. எனக்கு அப்படி ஒரு வரியை நீ ஒருவன்தான் எழுத முடியும். மார்ச் மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வேலை அதிகம் என்று தெரியும், நீளமாக எழுத வேண்டாம், ஐரீனும் நீயும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி போதும்.

கர்த்தர் உன்னையும் அவளையும் வரப்போகும் குழந்தையையும் கண்மணிபோல் காப்பாராக. கரி வாளி, மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவில்,
அம்மா
மூரியல் டான்ஸ்லி

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து புதுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், அவருடைய அன்பையும் சேர்த்து எழுதச் சொல்கிறார்.